ஒரு பானைக் கூழும் எட்டுப் பேரும்

(புங்குடுதீவு இறுப்பிட்டியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மாதம் ஒருமுறை பலதரப்பட்ட ஆட்களை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து சாப்பிடுவதைப் பற்றி இன்று கதைக்கப் போகிறேன். அறிவித்தலைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். புங்குடுதீவாருக்குச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தர வெளியிலிருந்து ஓர் ஆள் வரவேணுமா? கொழும்பிலும் தென்னிலங்கைச் சந்திகளிலும் கடை போட்டு, சாப்பாட்டுக் கடை நடத்தி, ஊர் பேர் தெரியாத சனத்துக்கெல்லாம் சோறு போட்ட ஊர் இது. சிரிப்பு நியாயமானதுதான். ஆனாலும் சாப்பாடு போடுவதில் கெட்டிக்காரர்களான நாங்கள், சேர்ந்து சாப்பிடுவதில் அவ்வளவு கெட்டிக்காரர்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆனி மாதம் நிற்கும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் படகு ஏறுகிறவர்கள். அக்கரையில் இறங்கிக் கும்பிட்டு முடித்தால் அன்னதானம். அந்த மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. மணிமேகலை மணிபல்லவத்தில் இறங்கி, கோமுகிப் பொய்கையில் வைகாசிப் பறுவத்தன்று மேலே வந்த அமுதசுரபியைப் பெற்றாள் என்று காப்பியம் சொல்கிறது. அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கருதுவோர் பலர்; வேறு இடம் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. எனக்கு வேண்டியது கதையில் வரும் வேறொரு விடயம். அட்சய பாத்திரம் கையில் வந்த பிறகும் மணிமேகலை அதைக் கொண்டுபோய் நேரே ஊருக்குப் பரிமாறவில்லை. முதற் பிச்சையை ஆதிரையின் கையால் வாங்கினாள். அள்ளிக் கொடுக்கப் போகிறவள் முதலில் ஒரு வீட்டு வாசலில் நின்று வாங்கினாள். இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள். பிறகு இதற்கு வருவேன்.

அன்னதானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வடலூரில் 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. பசித்தவனுக்கு முதலில் வேண்டியது சோறு, சிநேகிதம் பிறகு. ஆனால் பந்தியில் இருந்து எழும்பி வருகிற ஒருவரைப் பிடித்து, "உங்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர் ஆர்?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார். அவரில் பிழையில்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒருவரோடொருவர் கதைக்காமல் சாப்பிட்டு எழும்புவதற்குத்தான் பந்தி ஏற்பட்டது. பின்னால் அடுத்த பந்தி காத்து நிற்கிறது.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம்.

எங்கள் பகுதியில் ஆர் ஆரோடு இருந்து சாப்பிடலாம் என்பது நூறு வருடத்துக்கு முன் அரசியல் பிரச்சினையாக இருந்தது. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் பிறகு இளைஞர் காங்கிரஸ் ஆயிற்று. ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்ற இயக்கம். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. தீண்டாமை கூடாது என்று தீர்மானம் போட்டதோடு நிற்காமல், சாதி பாராமல் சேர்ந்து உண்பதையும் ஊக்குவித்தார்கள். அந்த நாட்களில் பாடசாலைகளில் எழுந்த கோரிக்கைக்குச் சம ஆசனம், சம போசனம் என்று பெயர். ஒரே வாங்கில் இருக்க வேண்டும், ஒரே இடத்தில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகச் சில பள்ளிக்கூடங்கள் தீ வைக்கப்பட்டன. கோயிலுக்குள் விடுவதைப் பற்றிய பேச்சுக்கூட இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பொறுக்காமல் கூரைக்கு நெருப்பு வைத்தார்கள்.

வீட்டுக்குள் நெருப்புத் தேவைப்படவில்லை. பாத்திரங்களே அந்த வேலையைச் செய்தன. மூக்குப்பேணி தெரியும்தானே? வெண்கலத்தில் செய்த வடிவான பேணி. பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணாந்து, வாயில் படாமல், நூல் போல ஊற்றிக் குடிக்கலாம். இன்றைக்கு அதை மினுக்கி வரவேற்பறை அலுமாரியில் வைத்திருக்கிறோம். கனடாவில் இருந்து வருகிறவர்கள் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எச்சில் படாமல் குடிப்பது சுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே வீட்டில் வேலி அடைக்க வந்தவருக்கும் மரம் ஏறுகிறவருக்கும் அந்தப் பேணியில் கொடுக்கவில்லை. அவர்களுக்கு வேலியோரம் சிரட்டை. தேநீர்க் கடைகளிலும் அதே கதைதான். வேறு போத்தல், வேறு பேணி, வெளியே நின்று குடி. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகும் கடைகள் மாறவில்லை. 1960களின் பின்பகுதியில் ஆட்கள் உள்ளே போய் வாங்கில் இருந்து தேநீர் கேட்டார்கள், அடி விழுந்தது, திரும்பவும் போனார்கள். தேநீர்க் கடைப் பிரவேசம் என்று ஒரு போராட்டமே எங்கள் வரலாற்றில் இருக்கிறது. ஒரு பேணித் தேத்தண்ணிக்குப் போராடிய சனம் நாங்கள்.

இந்தத் தீவில் இந்தப் போராட்டம் தண்ணீரில் தொடங்கியது. உவர் நிலத்தில் ஒரு நன்னீர்க் கிணற்றின் பெறுமதியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த மண் தந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், 'புதுயுகம் பிறக்கிறது', 'போர்ப்பறை', 'மெய்யுள்' எல்லாம் எழுதியவர், கண்ணகை அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சனமும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று 1971இல் அவர்களோடு நின்றார். பொலிஸாரிடம் அடிவாங்கினார். 1973இல், நாற்பது வயது காணாமலே, போய்விட்டார். அவருடைய தத்துவத்தைப் பற்றி ஆயிரம் விவாதம் நடத்தலாம், நடந்தும் இருக்கிறது. எனக்கு அந்த மனிதனில் பெரிதாகப் படுவது வாளியும் கயிறும்தான்.

சரி, இதெல்லாம் பழங்கதை, இப்போது ஆர் பார்க்கிறார்கள் என்பீர்கள். பழங்கதை என்றே வைத்துக்கொள்வோம். கலியாண வீட்டில், செத்த வீட்டில், கோயிலில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம், அது உண்மைதான். நான் இன்னொரு கேள்வி கேட்கிறேன். பதிலை வெளியே சொல்லத் தேவையில்லை. சொந்தக்காரர் அல்லாத, உங்கள் சாதி அல்லாத, உங்கள் சமயம் அல்லாத ஒருவருடைய வீட்டு அடுப்பில் சமைத்ததைக் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? வடை, ரோல்ஸ், போத்தல் சோடா கணக்கில் சேராது. கடையில் வாங்கிய சோடாவை உடைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் இரண்டு தரப்புக்கும் வசதியான உபாயம். விருந்தாளியின் மரியாதையும் கெடாது, வீட்டுப் பாத்திரமும் நடுவில் வராது.

அழைப்பது லேசு. போவதுதான் கஷ்டம். சமபந்தி என்று மேடை போட்டுச் செய்தவர்களில் எத்தனை பேர், அன்றைக்குத் தாங்கள் அழைத்தவரின் வீட்டுக்கு அடுத்த கிழமை போய்ச் சாப்பிட்டார்கள்? பெரியவர் கொடுப்பார், சின்னவர் வாங்குவார் என்ற ஒழுங்கு சமபந்தியிலும் குலையாமல் இருந்துவிடலாம். ஆதிரை வாசலில் மணிமேகலை நின்றதை இதற்காகத்தான் நினைவில் வைக்கச் சொன்னேன்.

இதைச் சரியாகப் பிடித்த ஒரு மனிதர் கேரளத்தில் இருந்தார். அவரும் தீவுக்காரர். கொச்சிக்குப் பக்கத்தில் வைப்பின் என்ற தீவில் செறாய் என்று ஓர் ஊர். 1917 மே 29ஆம் திகதி, சகோதரன் ஐயப்பன் என்ற இளைஞர் அங்கே மிச்ரபோசனம் என்று ஒன்றை நடத்தினார். அவர் ஈழவ சமூகம். தீண்டப்படாதவர்களாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்த புலயர் சமூகப் பிள்ளைகளோடு இருந்து தானும் நண்பர்களும் சாப்பிட்டார்கள். சாப்பாடு பெரிதாக ஒன்றுமில்லை. சோறும், பலாக்கொட்டையும் கடலையும் போட்ட ஒரு கறியும். ஊர் கொதித்தது. கலந்துகொண்டவர்களைச் சமூகத்தில் இருந்து தள்ளி வைத்தார்கள். ஐயப்பனுக்குப் 'புலயன் ஐயப்பன்' என்று பட்டம் வைத்தார்கள். அவர் அதைக் கோபிக்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு அமைச்சராகவும் வந்தார் என்பது உபரித் தகவல். எனக்கு அந்தப் பலாக்கொட்டைதான் முக்கியம். ஏனென்றால் எங்கள் கூழுக்குள்ளும் அதுதான் கிடக்கிறது.

கூழுக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் நிமிர்ந்து இருக்கிறார்கள்.

பலதரப்பட்ட ஆட்கள் ஒரு வளவில் கூடிச் சாப்பிடுவதற்கு ஒடியல் கூழைப்போலப் பொருத்தமான சாப்பாடு உலகத்தில் குறைவு என்பது என்னுடைய துணிபு. யாழ்ப்பாணத்தான் பெருமை என்று நினைக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன். காலையிலேயே ஒடியல் மாவைத் தண்ணீரில் நனைய விட்டு, தெளிந்த தண்ணீரை வடித்து, கசப்பை எடுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் நேரத்தோடு வரவேண்டும். மரவள்ளி உரிக்க ஓர் ஆள். பயிற்றங்காய் முறிக்க ஓர் ஆள். நண்டு உடைக்க, இறால் கோது கழற்ற, மீன் வெட்ட இரண்டு பேர். செத்தல் மிளகாயும் மஞ்சளும் உள்ளியும் அரைக்க ஒருவர், பழப்புளி கரைக்க ஒருவர். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, கிழங்கு, மீன் தலை, நண்டு, முருங்கையிலை என்று ஒவ்வொன்றாக இறங்கும். கடைசியில் மாவையும் அரைத்த கூட்டையும் புளியையும் விட்டுத் துழாவத் துழாவக் கூழ் தடிக்கும். துழாவுகிற கைக்கு உளைவு எடுக்கும். ஆள் மாறத்தான் வேண்டும். கூப்பிட்டவர் மட்டும் சமைத்துக் களைக்க, வந்தவர்கள் விறாந்தையில் கால்மேல் கால் போட்டு இருக்கிற விருந்து இதில் நடக்காது.

பரிமாறுவதைப் பாருங்கள். வரிசை இல்லை, முதற் பந்தி இரண்டாம் பந்தி இல்லை, ஆருக்கு எந்தத் துண்டு என்ற கணக்கில்லை. அகப்பை பானைக்குள் போய் எதைக் கொண்டு வருகிறதோ அது உங்களுக்கு. பெரியவருக்கு வெறும் பயிற்றங்காய் வரலாம். பக்கத்துப் பெடியனுக்கு முழு நண்டு வரலாம். குடிப்பது எதில்? பனையோலையைக் கோலிய பிளாவில், இல்லாவிட்டால் சிரட்டையில். அதே சிரட்டை! வேலியோரம் நின்றவனுக்கு எதைக் கொடுத்தோமோ, அதை முற்றத்து நிலவில் குந்தியிருந்து எல்லாரும் கையில் ஏந்துகிறோம். இதை ஆரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சூடான கூழுக்குச் சிரட்டை வசதி, அவ்வளவுதான். ஆனால் மூக்குப்பேணியில் கூழ் குடிக்க ஏலாது என்பதை நினைத்தால் எனக்குள் ஒரு குஷி.

முஸ்லிம்களிடமும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. சகன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டத்தில் சோறும் கறியும் வைத்து ஐந்தாறு பேர் சுற்றி இருந்து அந்த ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் பக்கம் கறி குறைந்தால் கண்ணுக்குத் தெரியும், தள்ளி விடுவார்கள். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்தில் இருந்து முஸ்லிம் சனங்கள் சில மணித்தியாலம் முதல் சில நாள் வரையான கெடுவில் வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் விடுதலைப் புலிகள்; நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பெருநாளைக்கு வந்த வட்டிலப்பத்தின் ருசி தெரியாமல் வளர்ந்தார்கள். திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு. பலதரப்பட்ட சிநேகிதர் என்று கதைக்கிறபோது ஆர் ஆர் இருக்கிறார்கள் என்பதோடு ஆர் இல்லை என்பதையும் எண்ண வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். எத்தனை பேர்? எட்டுக்கு மேல் வேண்டாம். பழைய உரோமாபுரியில் வர்ரோ என்ற அறிஞர், விருந்தினர் மூன்றுக்குக் குறையவும் கூடாது ஒன்பதுக்கு மிஞ்சவும் கூடாது என்று கணக்குச் சொன்னார். நல்ல கணக்கு. அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிளந்து, ஆம்பிளைகள் ஒரு பக்கம் அரசியலும் பொம்பிளைகள் ஒரு பக்கம் பிள்ளைகளின் விசாவும் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆரை அழைப்பது? "ஊரில் ஆர் இருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியின் வலி எனக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த சனத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. இறுப்பிட்டியில் இருந்து மடத்துவெளிப் பக்கம் நடந்தால் பூட்டிய வீடுகளும் கூரையில்லாத வீடுகளும் எத்தனை. ஆனால் சனம் நிறைந்த ஊரில்தான் தன் கூட்டத்தோடு மட்டும் இருந்துவிட முடியும். ஆள் குறைந்த ஊரில் அந்த வசதி இல்லை. வெளியூரில் இருந்து நியமனம் பெற்று வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற ரீச்சர் இருக்கிறார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அவவுக்குக் கதைக்க ஆள் இல்லை. குறிகட்டுவானில் படகில் வேலை செய்கிற தம்பி, சீவல் தொழில் செய்கிற ஐயா, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று, லண்டனில் இருந்து மூன்று மாதத்துக்கு வந்து பொழுது போகாமல் இருக்கிற அம்மம்மா, ஏ.எல். படிக்கிற பிள்ளை. எட்டுப் பேர் வந்துவிடும். ஒருவரை மட்டும் கொஞ்சம் யோசித்துச் சேருங்கள்: உங்களுக்கு அவ்வளவு பிடிக்காத ஒருவர். எல்லாரும் பிடித்தவர்கள் என்றால் அந்த விருந்துக்குப் பெயர் வேறு.

வெளிநாட்டில் எங்கள் ஊர்ச் சங்கங்கள் கோடையில் பூங்காவில் ஒன்றுகூடல் வைத்துக் கூழ் காய்ச்சுகின்றன. நல்ல காரியம். பிள்ளைகளுக்கு ஊரின் பெயராவது தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுச் சோமாலியரோ போர்த்துக்கீசரோ அந்தப் பானையருகில் நிற்பது அருமை. ஊரை விட்டுப் போன பிறகும் வேலியைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே நட்டிருக்கிறோம் என்று சொன்னால் கோபிக்கக் கூடாது.

நாள்? பறுவம். போயா விடுமுறை என்பதால் பாடசாலையும் கந்தோரும் இல்லை. மாதம் தவறாமல் வரும். தேதியைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை, வானத்தைப் பார்த்தால் போதும். சாராயக் கடையும் அன்று பூட்டு. ஒரு சிலருக்கு இது குறையாகப் படலாம், வீட்டுக்காரிகளைக் கேளுங்கள். பறுவ விரதம் பிடிப்பவர்கள் இருந்தால் மச்சம் போடாமல் சைவக் கூழ் காய்ச்சுங்கள், அதுவும் நன்றாக வரும். அல்லது இரண்டு பானை வைக்கலாம். பானை இரண்டாக இருக்கலாம், இருக்கிற வட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒன்று. எங்கள் வீடுகளில் விருந்தென்றால் அம்மா காலையில் குசினிக்குள் போனால் இரவு பத்து மணிக்குச் சட்டி கழுவிக்கொண்டு வெளியே வருவா. எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியில் மிஞ்சியது அவவுக்கு. சாதி பாராத விருந்து, சமயம் பாராத விருந்து என்று முற்றத்தில் நாங்கள் முழங்கிக்கொண்டிருக்க, உள்ளே ஒருத்தி தனியே நின்று சாப்பிட்டால் எங்கள் சம போசனத்தில் என்ன சமம்? கூழை முற்றத்தில் காய்ச்ச வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மீனை ஆம்பிளைகள் வெட்டட்டும்.

அடுத்தது முறை மாறுவது. இந்த மாதம் உங்கள் முற்றம் என்றால் அடுத்த மாதம் சீவல் தொழில் செய்கிற ஐயாவின் முற்றம், அதற்கடுத்து ரீச்சரின் அறை வாசல். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். "பாவம், அவருக்கு என்னத்துக்குச் செலவு, நாங்களே வைப்போம்" என்று ஒரு குரல் எழும்பும். அது இரக்கத்தின் குரலாகத்தான் கேட்கும். கேட்காதீர்கள். செலவு கூடக்கூடாது என்பதற்காகத்தான் ஒரே பானை என்கிறேன். ஒருவர் ஒன்பது கறி வைத்துவிட்டால் அடுத்தவர் பத்து வைக்க வேண்டும். பத்து வைக்க ஏலாதவர் அந்த வட்டத்தில் இருந்து சத்தமில்லாமல் கழன்று விடுவார். எங்கள் ஆட்கள் போட்டிக்குப் பெயர் போனவர்கள் என்பதை நான் சொல்லியா தெரியவேண்டும்?

சண்டை வந்தால் என்ன செய்வது என்று கட்டாயம் கேட்பீர்கள். வரும். காணி எல்லையில் வரும், இயக்கக் கதையில் வரும், சமயத்தில் வரும். பலதரப்பட்டவர்களை ஒன்றாக இருத்தினால் சண்டை வராது என்று சொல்கிறவர் எட்டுப் பேரோடு ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஒருமுறை மட்டும் நடக்கிற விருந்தென்றால் அந்தச் சண்டையோடு எல்லாம் முடிந்தது. மாதாமாதம் நடப்பதென்றால் கதை வேறு. எழும்பிப் போனவர் அடுத்த பறுவத்துக்கு வருகிறாரா என்று ஏழு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கும் அது தெரியும். வராவிட்டால் ஒருவர் சிரட்டையில் மூடிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வந்துவிட்டால் சண்டையைப் பற்றி ஆரும் எடுக்கத் தேவையில்லை; மரவள்ளியையும் கத்தியையும் கையில் கொடுத்து உரிக்கச் சொன்னால் சரி.

பறுவத்தில் எனக்குத் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. நிலவு காலத்தில் மீன்பாடு குறைவு என்று கடற்றொழில் செய்கிறவர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் கூழுக்கு மீன் எங்கே? முன்வரிசையில் இரண்டு பேர் நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களிடமே ஒலிவாங்கியைக் கொடுக்கிறேன்.